படித்த சட்டியும் படிக்காத சட்டியும்

போன மாதம் குருண் டவுனில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு இரண்டு இளம் ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ஒரு பையன், ஒரு பெண். கையில் பிஸ்கட் டின், ஆரஞ்சுப் பழம். நல்ல பிள்ளைகள்தான்.

"டீச்சர், எங்க ஸ்கூல்ல இந்த வருஷம் வாசிப்புத் திட்டம் போட்டிருக்கோம்லா. ஒரு புக் படிச்சா ஒரு ஸ்டார். ஸ்டார் சேர்ந்தா ஹாடியா. பென்சில் பாக்ஸ், ஸ்கூல் பேக் எல்லாம் வாங்கி வச்சாச்சு. நீங்கதான் வந்து பிள்ளைங்களுக்கு எடுத்துக் குடுக்கணும்," என்றான் பையன். பரிசு என்று சொல்லக்கூட இப்போதெல்லாம் மலாய்ச் சொல் வந்துவிட்டது.

முடியாது என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, அடுப்படியிலிருந்து மகள் ஓடி வந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவளிடம் எனக்கு என்ன கோபம்? போகும்போது பையன் மெதுவாக, "அப்ப ஸ்கூல் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையாவது எழுதிக் குடுங்க டீச்சர், உங்க அனுபவம் ஏதாவது," என்றான். எழுதுகிறேன். அழகாக இருக்காது. போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

உங்கள் ஸ்டாரும் நான் பார்த்த பரிசும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். வயதாகி இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

நான் டீச்சர் ஆன கதை சின்னது. கூலிமில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தேன். தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்த பெண் என்பதே அன்றைக்குப் பெரிய சர்டிபிகேட். ஒரு தோட்டத்துப் பள்ளியில் உதவிக்கு நின்று தொழில் பழகினேன். பிறகு பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்தது. ஆரோக்கியமேரி என்ற என் பெயர் கூலிகள் குடியிருந்த லயத்தில் யார் வாயிலும் நுழையவில்லை, எல்லோருக்கும் டீச்சரம்மா. எனக்கு மேலே ஒரு பெரிய வாத்தியார் இருந்தார். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி ஓடினார். அவர் பின்னாலேயே பெரிய வாத்தியார் சைக்கிளில் ஓடினார். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. தோட்டம், ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் கைக்கு வந்தது. பள்ளிக்கூடம் என் தலையில் விழுந்தது.

சில மாதம் மூடிக் கிடந்த பள்ளியை மறுபடி திறக்கச் சொன்னார்கள். என்னைச் சுங்கைப் பட்டாணிக்கு அனுப்பி நிப்போங்கோ, அதாவது ஜப்பான் பாஷை, சொல்லிக்கொடுத்தார்கள். குனிந்து வணக்கம் போடவும், கையைக் காலை ஆட்டி உடற்பயிற்சி செய்யவும், கோடும் கொம்புமாக இருந்த அவர்கள் எழுத்தைப் பலகையில் எழுதவும் கற்றுக்கொண்டு வந்தேன். அதை நான் சொல்லிக்கொடுத்த லட்சணம் கடவுளுக்குத்தான் தெரியும்.

பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. எப்படி வருவார்கள்? ரப்பர் பால் வாங்க ஆளில்லை, மரம் வெட்டிப் பால் எடுக்கும் வேலை நின்றுபோனது. லயத்தைச் சுற்றி இருந்த மண்ணையெல்லாம் கொத்தி மரவள்ளி போட்டார்கள். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரி கிழங்கு இருந்தால் கிழங்கு. வேலை செய்கிற உடம்புக்கு மட்டும் கொஞ்சம் அரிசி. பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. உடம்பில் சாக்குத் துணி, காலில் புண். ஆம்பிளைகளைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

பள்ளியில் பிள்ளைகள் இல்லை என்று தெரிந்ததும் டவுன் ஆபீஸிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சிக்கென்று அரிசி மூட்டை வந்தது. ஜப்பான்காரன் செய்த ஒரே நல்ல காரியம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆயாக்கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த முனியம்மாள்தான் கஞ்சி காய்ச்சுவாள். கிழங்கைத் துண்டு போட்டு வேகவைத்து, அரிசியைக் களைந்து அதில் போட்டு, உப்புப் போட்டுக் கொட்டாங்கச்சி அகப்பையால் கிண்டுவாள். அந்த வாசனைக்குப் பள்ளிக்கூடம் நிரம்பிவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி. யாரும் எதையும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் நாங்கள் வாசித்த முறையைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். புத்தகம் மூன்றோ நான்கோதான் மிஞ்சியிருந்தது. வெள்ளைக்கார ராஜா படம் போட்ட பக்கங்களை ஒட்டி மறைத்துவிட்டு அதையே வைத்துக்கொண்டோம். ஒரு புத்தகத்தைத் தரையில் வைத்து அதைச் சுற்றிப் பிள்ளைகள் உட்காருவார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு எழுத்து தலைகீழாகத்தான் தெரியும். அப்படியே வாசிக்கப் பழகிக்கொண்டார்கள். நான் ஒரு வரி ராகம் போட்டு வாசிப்பேன். எல்லோரும் சேர்ந்து அதே ராகத்தில் திருப்பி வாசிப்பார்கள். தெரியாத பிள்ளை தெரிந்த பிள்ளையின் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒருத்திக்கு எழுத்து தவறினால் பக்கத்தில் இருப்பவள் விரலை எடுத்துச் சரியான இடத்தில் வைப்பாள். எருமை ஆற்றைக் கடந்த கதை ஒன்று இருந்தது. அதை வாசித்து முடித்ததும், "டீச்சரம்மா, அந்த எருமைக்கு அக்கரையில புல்லு கெடச்சிச்சா?" என்று கேட்பார்கள். பாடத்தில் அது இல்லை. கிடைத்தது என்று சொல்வேன்.

இந்தக் கூட்டத்தில்தான் பாக்கியம் இருந்தாள். அவளுக்குக் கடுமையான திக்குவாய். தன் பெயரைச் சொல்லவே உதட்டை அழுத்திக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் போராடுவாள். ஆனால் எழுத்தென்றால் அவளுக்கு உயிர். மண்ணெண்ணெய் டின், தீப்பெட்டி, சாமான் கட்டி வந்த காகிதம், எதைப் பார்த்தாலும் உதட்டை அசைத்து வாசிப்பாள். ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். ஒரு எழுத்து திக்கவில்லை. தண்ணீர் ஓடுவதுபோல் வாசித்தாள். சுற்றிலும் குரல் இருந்தால் அவள் நாக்கு அவிழ்ந்துவிடுகிறது, தனியாக நின்றால் பூட்டிக்கொள்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தது.

அதை வைத்து ஒரு வேலை ஆரம்பித்தேன். முதலில் அவளைக் கூட்டத்தின் நடுவில் உட்கார வைத்தேன். பிறகு ஒவ்வொரு குரலாகக் குறைத்தேன். பாதி வகுப்போடு வாசித்தாள். பிறகு நாலைந்து பேரோடு. கடைசியில் மீனாட்சி என்ற சிநேகிதியோடு மட்டும், இரண்டு பேரும் தோளோடு தோள் உரச, ஒரு பக்கம் முழுவதும் வாசித்தாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மீனாட்சியின் குரலையும் மெல்ல எடுத்திருப்பேன். விடவில்லை.

பெரிய கிராணியைப் பற்றி இங்கே எழுத வேண்டும். பெயரை எழுத மாட்டேன், அவர் பேரப்பிள்ளைகள் இந்தப் பக்கத்திலேயே நல்லபடியாக இருக்கிறார்கள். கிராணி என்றால் ரோத்தான் பிரம்பும் கெட்ட வார்த்தையும் என்று நீங்கள் நினைப்பீர்கள். இவர் அப்படி இல்லை. சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். பிள்ளைகளைக் கண்ணு என்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கிற கூலியைக்கூட வாங்க, போங்க என்பார். சயாமுக்கு ஆள் அனுப்பும் போதும் அதே வாங்க, போங்கதான்.

ஒரு நாள் கஞ்சி நேரத்தில் வந்தார். பிள்ளைகள் குடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டீச்சரம்மா, இதுங்க எல்லாம் படிக்கிதுங்களா, இல்ல கஞ்சிக்கு வருதுங்களா?"

"ரெண்டுக்கும்தான் வருதுங்க ஐயா."

"தப்பா நெனைக்காதீங்க. சும்மா குடுத்தா எதுக்கும் மதிப்பில்ல. டவுன்லேருந்து ஜப்பான் அதிகாரி வரப்போறாரு. பிள்ளைங்க ஒவ்வொண்ணும் தனியா எந்திரிச்சு டக்குனு படிக்கணும். படிக்கிற பிள்ளைக்குப் பரிசு குடுப்போம். ஆசை இருந்தாத்தான் படிப்பு வரும்."

பரிசு நல்லதுதானே என்று கேட்டேன், எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அவர் கஞ்சிப் பானையைக் காட்டினார்.

மறுநாளிலிருந்து இரண்டு சட்டி. ஒன்றில் அரிசி முழுவதும். இன்னொன்றில் கிழங்கு வெந்த தண்ணீரும் உப்பும். தனியாக நின்று தமிழில் ஒரு பக்கமும் நிப்போங்கோவில் ஒரு வரியும் வாசிக்கிற பிள்ளைக்கு முதல் சட்டி. வாசிக்காத பிள்ளைக்கு இரண்டாவது. பிள்ளைகளே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: படித்த சட்டி, படிக்காத சட்டி. எல்லோருக்கும் வந்த அரிசியைப் பிடுங்கி, அதில் பாதிப் பேருக்குத் திருப்பிக் கொடுத்து, அதற்குப் பரிசு என்று பெயர் வைத்தார் அந்த மனிதர்.

சோதனை நடத்துவதும் அவரேதான். அலுவலகத்து வேலையை விட்டுவிட்டு மத்தியானம் வந்துவிடுவார். நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்து, புத்தகத்தை ஏதாவது ஒரு இடத்தில் திறந்து, பேனாவின் பின்முனையால் ஒரு வரியைத் தொடுவார். "இங்கேருந்து கண்ணு." பிள்ளை வாசிக்கும். பாதியில் நிறுத்தி வேறு பக்கம் திருப்புவார், மனப்பாடம் செய்திருக்கக் கூடாது என்று. தலைகீழாக வாசித்துப் பழகிய பிள்ளைகள் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தால், "அப்படியெல்லாம் கோமாளித்தனம் கூடாது," என்று சிரித்துக்கொண்டே இரண்டாவது சட்டிக்கு அனுப்புவார். தவறவிட்ட பிள்ளையின் தலையைத் தடவி, "பரவால்ல, நாளைக்கு நல்லாப் படிப்பே," என்பார். அந்தத் தடவலைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அவர் கணக்குப்படி திட்டம் அமோக வெற்றி. அதுதான் என் கோபத்துக்கே காரணம். தோற்றுப்போயிருந்தால் ஒரு வாரத்தில் கைவிட்டிருப்பார். பிள்ளைகள் வாசித்தார்கள். மரத்தடியில், கக்கூஸுக்குப் போகும் வழியில், கிழங்கு பிடுங்கும்போது, எங்கேயும் வாசித்தார்கள். வேகமாக வாசித்தார்கள், சத்தமாக வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் கிராணியின் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு சட்டியைப் பார்ப்பார்கள். எருமைக்குப் புல் கிடைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் விரலை எடுத்து வைப்பது நின்றுபோனது. கையால் புத்தகத்தை மறைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். அடுத்தவன் தடுமாறினால் அவர்களுக்குச் சந்தோஷம், படித்த சட்டியில் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சும். நான் சேர்ந்து வாசிக்கச் சொன்னால், "அதுக்குக் கஞ்சி உண்டா டீச்சரம்மா?" என்றார்கள்.

பாக்கியத்தின் முறை வந்தது.

அவள் அப்பா சயாமுக்குப் போய்விட்டார். கிழங்கு மாற்றக் கடைக்குப் போனவரை வழியிலேயே லாரியில் ஏற்றிவிட்டார்கள். அம்மா அஞ்சலை மண் கொத்தப் போவாள். கைக்குழந்தையாக ஒரு தங்கச்சி, ஆயாக்கொட்டகையில். பாக்கியம் தன் கஞ்சியைப் பள்ளியில் குடிக்க மாட்டாள். ஒரு பால் டின்னில் வாங்கி, மேலாக இருக்கிற தண்ணீரைத் தான் குடித்துவிட்டு, அடியில் தங்கும் சோற்றை நசுக்கித் தங்கச்சிக்கு ஊட்டுவாள். அந்தக் குழந்தைக்குக் கிழங்கு ஒத்துக்கொள்ளாது, தின்றால் வயிறு போகும். அந்த டின்னின் அடியில் இருக்கிற சோறுதான் அதற்குச் சாப்பாடு.

எழுந்து நின்றாள். கிராணி வரியைத் தொட்டார். 'மழை' என்று ஆரம்பிக்கிற வரி. உதட்டை மூடினாள், அது திறக்கவில்லை. ம், ம், ம் என்று மூச்சு முட்டியது.

"அவசரமில்ல கண்ணு. நிதானமாப் படி," என்று அவர் காத்திருந்தார். மெய்யாகவே பொறுமையாகக் காத்திருந்தார். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் சலித்துக்கொண்டார்கள். "அவள ஒக்காரச் சொல்லுங்க ஐயா, கஞ்சி ஆறுது!"

படிக்காத சட்டி. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும்.

நான் அவரிடம் போய்ச் சொன்னேன். "ஐயா, இந்த வகுப்புலயே நல்லாப் படிக்கிறவ அவதான். வாய்தான் தனியா நின்னா வராது. கூட ஒரு பிள்ள சேர்ந்து படிச்சாத் திக்காது. கேட்டுப் பாருங்க. இல்லேன்னா எழுதச் சொல்லுங்க, முத்து முத்தா எழுதுவா."

"கூட்டத்தோட கோவிந்தா போடறதுக்குப் பேரு படிப்பா டீச்சரம்மா?" என்று சிரித்தார். "ஒருத்திக்குன்னு சட்டத்த வளைச்சா நாளைக்கு எல்லாரும் திக்குவாய்னு வந்து நிப்பாங்க. பசிச்சா தானா வரும். விடுங்க."

முனியம்மாள் பொறுக்கவில்லை. அவள் எழுத்தறியாதவள், வாய் நீளமானவள், யாருக்கும் பயப்படமாட்டாள். பாக்கியத்தின் டின்னை வாங்கும்போது படிக்காத சட்டியில் அகப்பையை விட்டுவிட்டு, திரும்பும் சாக்கில் படித்த சட்டியிலிருந்தும் ஒரு அகப்பை அள்ளிப் போட்டாள். சில நாள் இப்படி ஓடியது. குழந்தையின் கன்னத்தில் கொஞ்சம் சதை கூட வந்தது.

அதைக் காட்டிக்கொடுத்தது யார் தெரியுமா? மீனாட்சி. தோளோடு தோள் உரசி வாசித்த அதே மீனாட்சி. கிராணி முன்னால் எழுந்து நின்று, வாசிக்கிற அதே ராகத்தில் சொன்னாள்: "ஐயா, பாக்கியம் படிக்கவே இல்ல. அவ டின்னுல சோறு இருக்கு. நாங்க எல்லாம் படிச்சுத்தான வாங்குறோம்?"

அந்தப் பிள்ளை கெட்டவள் இல்லை. அவளும் ஒட்டின வயிற்றோடு படித்துப் படித்துத் தொண்டை கட்டிப்போனவள். வகுப்பு முழுவதும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. சின்னப் பிள்ளைகளை நியாயம் பேச வைத்து அடுத்த பிள்ளையின் சோற்றைப் பறிக்க வைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கிராணி மீனாட்சியைத் தட்டிக்கொடுத்து, "உண்மையச் சொன்ன பிள்ளைக்கு இன்னொரு அகப்பை," என்றார். முனியம்மாளிடம், "நாளையிலேருந்து நீங்க கிழங்குக் காட்டுக்கு வந்துருங்க," என்றார், அதே மெல்லிய குரலில். அவள் அகப்பையைத் தரையில் போட்டுவிட்டு, "ஒன் வீட்டுப் பிள்ளைக்கும் ரெண்டு சட்டி வையிடா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தோட்டத்தில் அவரை டா போட்டவள் அவள் ஒருத்திதான். அதன் பிறகு பரிமாற, கூலிகளை வேலை வாங்கும் ஒரு மண்டோரை வைத்தார்கள். கண்காணிப்பு பலமானது.

பாக்கியம் பள்ளிக்கு வருவது நின்றது. லயத்துக்குப் போனேன். பாயில் உட்கார்ந்திருந்தாள், வாயைத் திறக்கவில்லை. அஞ்சலைதான் பேசினாள்.

"நாக்கு தடிச்சிருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க டீச்சரம்மா. வசம்பச் சுட்டுத் தேச்சா பேச்சு வரும்னாங்க. தெனமும் மூணு வேள தேச்சேன். படிச்சுரும்னுதான் தேச்சேன்."

வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். நாக்கு வெந்து வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. உப்புத் தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தாள். ஊரில் குழந்தைக்குப் பேச்சு வரப் பாசத்தோடு தடவுகிற வசம்பு அது. அதை வைத்துப் பெற்றவளே பிள்ளையின் நாக்கைப் பொசுக்கியிருக்கிறாள், ஒரு அகப்பைச் சோற்றுக்காக. அஞ்சலையைத் திட்ட வாயெடுத்தேன். அவள் கையைப் பார்த்தேன், மண்வெட்டி பிடித்துத் தோலெல்லாம் போயிருந்தது. எழுந்து நேராகக் கிராணியின் ஆபீஸுக்குப் போனேன்.

உட்காரச் சொன்னார். வறுத்த சோளத்தில் போட்ட காப்பி கொடுக்கச் சொன்னார். நான் தொடவில்லை.

"ஒரே சட்டியா ஆக்குங்க ஐயா. இல்லேன்னா நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு வரல."

அவர் கோபப்படவில்லை. காப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "வராட்டி போங்க டீச்சரம்மா, உங்க இஷ்டம். நீங்க இல்லேன்னா பள்ளிக்கூடம் மூடிரும். மூடினா மூட்டை வராது. அப்ப ரெண்டு சட்டியும் இருக்காது. யோசிச்சுக்குங்க."

மறுநாள் போனேன். வேறென்ன செய்வேன்? உலகத்தில் எனக்குப் பிடிக்காத அத்தனை பேரிலும் முதல் ஆள், நாம் செய்யக்கூடிய எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டு அன்பாகப் பேசுகிறவர்தான். என் பங்கிலிருந்து பாக்கியத்துக்குக் கொடுத்தேன். நானும் கிழங்குதான் தின்றேன், கொடுத்ததும் பெரும்பாலும் கிழங்குதான்.

நாக்கு ஆறி அவள் திரும்பி வந்த பிறகுதான் அதிகாரி வந்தார். பூட்ஸ், நீளமான கத்தி, பக்கத்தில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். பிள்ளைகள் வரிசையாக எழுந்து வாசித்தார்கள். கிராணி நன்றாக வாசிக்கிறவர்களை மட்டும் முன்னால் நிறுத்தியிருந்தார். அதிகாரி தலையை ஆட்டினார். பிறகு என்னவோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர், "எல்லாரும் சேர்ந்து படிக்கணுமாம். அவங்க நாட்டுல பிள்ளைங்க அப்படித்தான் படிக்குமாம்," என்றார்.

எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். முதல் வரியை ராகம் போட்டு எடுத்துக்கொடுத்தேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல். பிறகு ஆரம்பித்தார்கள். இரண்டாவது வரியில் பாக்கியத்தின் குரல் மேலே வந்தது. மூன்றாவது வரியில் அதுதான் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போனது. தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல். அதிகாரி அவள் பக்கத்தில் போய் நின்று கேட்டார். முடிந்ததும் அவளைக் காட்டி, கிராணியிடம் சிரித்துக்கொண்டே ஏதோ பாராட்டினார். இனி யாரும் மறுக்க முடியாது, கண்ணால் பார்த்துவிட்டார், காதால் கேட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன்.

அதிகாரி வந்த லாரி போன பிறகு கிராணி பாக்கியத்தைக் கூப்பிட்டார். அவள் தோளில் கை வைத்தார்.

"இவ்வளவு நல்லாப் படிக்கிறியே கண்ணு. அப்ப இத்தன நாளா வேணும்னேதான் வாயை மூடிக்கிட்டு நின்னியா?"

அவள் பதில் சொல்லப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது.

"பாருங்க டீச்சரம்மா, இப்பவும் நடிக்கிது," என்றார். அவர் குரலில் மெய்யான வருத்தம் இருந்தது. ஏமாற்றப்பட்ட வருத்தம்! நான் கத்தினேன். மேஜையைக் கையால் அடித்தேன். ஐயா அது நடிப்பில்லை, சேர்ந்து படித்தால் வரும், தனியாக வராது, இதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து சொல்லுகிறேன் என்று தொண்டை கிழியச் சொன்னேன். என் சத்தம் லயம் வரைக்கும் கேட்டதாம். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "படிக்கத் தெரியாத பிள்ளைக்குக்கூட ரெண்டாவது சட்டி உண்டு. பொய் சொல்ற பிள்ளைக்கு எதுவும் கிடையாது. தனியாப் படிச்சுக் காட்டட்டும், அன்னிக்கே குடுப்போம்," என்றார்.

அஞ்சலையையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மகள் வேண்டுமென்றேதான் வாசிக்காமல் நின்றாள் என்று. அஞ்சலை அதை நம்பினாள். படித்த மனிதர், மரியாதையாகப் பேசுகிறவர், எதற்குப் பொய் சொல்லப்போகிறார்? அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு விழுந்த அடியை நான் போய்த்தான் தடுத்தேன்.

தங்கச்சிக்கு வயிறு போக ஆரம்பித்தது. முகமும் காலும் வீங்கின. முனியம்மாள் எங்கிருந்தோ ஒரு பிடி நொய்யரிசி கொண்டு வந்து கொடுத்தாள், நான் என் சேலை ஒன்றைக் கொடுத்துக் கொஞ்சம் அரிசி மாற்றிக்கொண்டு வந்தேன். போதவில்லை, காலமும் கடந்துவிட்டது. பள்ளியில் மற்ற பிள்ளைகள் அடுத்த பாடத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது குழந்தை இறந்துவிட்டது. குழியில் மண் தள்ளும்போது அஞ்சலை பாக்கியத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். பெற்றவள் துக்கத்தில் சொன்னது.

பிறகு ஜப்பான்காரன் எங்கள் பக்கத்தைச் சயாம்காரனிடம் ஒப்படைத்துவிட்டான், சயாம்காரன் கொடி ஏறியது. டவுன் ஆபீஸ் மாறியது, அரிசி மூட்டை நின்றது, சட்டிகளும் நின்றன. சட்டி நின்ற வாரமே பிள்ளைகள் வாசிப்பதை நிறுத்தினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்தால் ஒரு கை நீளவில்லை. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு அதே பிள்ளைகளை மறுபடி சேர்ந்து வாசிக்க வைக்க நான் பட்ட பாடு தனிக் கதை. கிராணிக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல நிர்வாகி என்று புதிய துரையும் வைத்துக்கொண்டார். அவர் சாவுக்குத் தோட்டமே போனது. நான் போகவில்லை.

சுதந்திரம் வந்து பல வருடம் கழித்து, புக்கிட் செலம்பாவில் ஒரு கல்யாண வீட்டில் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டு காலைத் தொட்டாள். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறாள், மூன்று பிள்ளைகள், புருஷன் தங்கமானவர். பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கழுத்து புடைக்கத் திக்கித் திக்கித்தான் பேசினாள், நான் அவசரப்படுத்தாமல் கேட்டேன். கல்யாணப் பத்திரிகையை நீட்டி, பொண்ணுக்கு எந்த ஊர் என்று பாரேன், கண்ணாடி கொண்டு வரவில்லை என்றேன். வாங்கிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மகளிடம் கொடுத்துவிட்டாள்.

"நீ படிக்கிறதே இல்லையா பாக்கியம்?"

இல்லை என்று தலையாட்டினாள். இலையில் சோறு விழுந்தது. அவள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் ஒழுங்காப் படிச்சிருந்தா எந்தங்கச்சி செத்திருக்க மாட்டா டீச்சரம்மா."

ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. அத்தனை வருடமும் அந்த ஒன்றைத்தான் தனக்குள் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.